பெட்ரோல் மூடி

“அம்மா, நாம புது ஆளுங்கன்னு இந்தக் காருக்குத் தெரியுமா?”

பழைய காரை வாங்கி வந்த அன்று மகள் கேட்டாள். அம்மா சிரித்தாள். மூன்றே வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவது கியருக்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டும். பின் ஜன்னல் இறங்கினால் ஏறாது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் தானாக ஒருமுறை முனகும்.

“எங்கம்மா மாதிரி. காலையில ஒரு கும்பிடு போட்டாத்தான் நகரும்” என்றார் கணவர்.

அவருக்கு வாரம் மூன்று நாள், காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ். அதற்காகவே அவள் திரைச்சீலை தைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் அது. போன வாரம் நடுவழியில் நின்றுபோய், இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது.

“இன்னொரு தடவை லேட்டானா இந்த நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கம்மா. அப்புறம் எப்ப இடம் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்று நர்ஸ் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

மெக்கானிக் இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவர் கையில் கார் ஒருமுறைகூட நிற்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, நூலகத்தைத் தாண்டியதும், கார் இருமிவிட்டு நின்றது. வாடகைக் கார் வர நாற்பது நிமிடம் ஆகும் என்று போன் காட்டியது. கடவுளே, இன்றைக்கு வேண்டாமே என்று வாய் முணுமுணுத்தது. காரை விற்றவருக்குப் போன் செய்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர், பார்வை மங்கியதால் விற்றவர்.

“இப்படி ஏமாத்திட்டீங்களே சார்! நல்லாயிருப்பீங்களா?”

“பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினீங்களாம்மா?”

“அது எதுக்கு?”

அந்தப் பக்கம் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“ஐயையோ, தப்பு என்னோடதுதான். அதுல காத்து போற ஓட்டை அடைச்சிருக்கு, காத்து போகலேன்னா பெட்ரோல் இறங்காது. பதினோரு வருஷமா தினம் காலையில திறந்து மூடித்தான் எடுப்பேன். செருப்பு மாட்டுற மாதிரி பழகிப்போச்சு. சொல்லணும்னே தோணல.”

ஓடிப்போய்த் திருகினாள். மூடி அசையவில்லை. கணவர் இறங்கி வந்து கையை நீட்டினார்.

“டயாலிசிஸ் ஊசி போடற கைங்க அது! போய் உக்காருங்க” என்று அதட்டினாள்.

“எங்க நிக்கிறீங்க?” என்றது போன். “நூலகமா? பக்கத்துலதான் இருக்கேன். வந்துட்டேன்.”

தபால்காரர் மூச்சிரைக்க வந்தார். வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சாலையைக் கடந்தார். மூடியைத் தடவி, உள்ளே அழுத்தி, முதலில் இறுக்கி, பிறகு எதிர்ப்பக்கம் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அவரே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்தது.

“ஏறுங்க சார், விட்டுட்டுப் போறோம்.”

“எனக்கு இங்கதான் வேலை. நீங்க கிளம்புங்க முதல்ல!”

ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கணவர் உள்ளே போய்ப் படுத்தார். அவள் காரில் வந்து உட்கார்ந்தபோது இருக்கை இடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கண் மருத்துவமனையின் டோக்கன். எண் பதினான்கு, இன்றைய தேதி. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் செல்லாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான், அதுவும் காலை ஏழு மணிக்கே வருவார். முந்தின நாளே வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

போன் செய்தாள்.

“சார், உங்க டோக்கன் எங்க கார்ல...”

“ஆமாம்மா, நான் திரும்பறதுக்குள்ள கூப்பிட்டு முடிச்சுட்டாங்க. பரவாயில்ல, உடனே மறுபடி வரிசையில நிக்க முடியாது, அடுத்த மாசம் பாத்துக்கலாம். அவர் நேரத்துக்கு உள்ள போயிட்டாரா?”

“போயிட்டார் சார்.”

“அது போதும்.”

காலையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, கண் மருத்துவமனை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாள். எண் ஆறு கிடைத்தது. அங்கிருந்து தபால்காரர் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது; உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். தரையில் போட்டால் அவர் கண்ணுக்குத் தெரியாது. கதவைத் திறக்கும்போது கை படும் இடம் பார்த்து, கைப்பிடியில் சீட்டைச் சுற்றிச் செருகினாள். தெருவில் யாரும் இல்லை. சத்தமில்லாமல் படி இறங்கி நடந்தாள்.