ஏழாவது மாடியில் ஒரு கைக்கடிகாரம்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு மனிதர்களின் முகத்தைவிட மணிக்கட்டுதான் நன்றாகத் தெரியும். லிஃப்டுக்குள் ஏறியதும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறும் எண்ணைப் பார்ப்பார்கள், அல்லது கையைத் திருப்பி மணி பார்ப்பார்கள். இப்படிப் பல வருஷம் ஊரார் கையையே பார்த்ததில் அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பேட்டரி இல்லாமல் சுருள்வில்லிலும் பல்சக்கரத்திலும் ஓடுகிற, முதுகில் கண்ணாடி பதித்து உள்ளே நடப்பதையெல்லாம் காட்டுகிற உயர்ரகக் கடிகாரம் ஒன்று வேண்டும்.

வாங்கியும் விட்டார். மனைவி விலைச்சீட்டைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அது சம்மதமா கோபமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியமில்லை.

வாங்கின புதிதில் அவருடைய அலட்டல் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்து, கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து, இது இதைத் தள்ளும், அது அதைப் பிடிக்கும் என்று விளக்குவார். மனைவியின் தம்பி பிளாட்பாரத்தில் வாங்கின பிளாஸ்டிக் வாட்ச் கட்டுகிறவன். அவனை மட்டும் இரண்டு தடவை உட்காரவைத்தார்.

"இதுக்கு உயிர் இருக்கு மச்சான். உன்னோடது வெறும் பொம்மை."

மூன்றாவது வாரம் உயிர் போய்விட்டது.

ஒரு சாயங்காலம் மணி என்னவென்று மனைவி கேட்க, ஐந்தேகால் என்றார். ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டியிருந்தது. சுவர்க்கடிகாரம் ஏழரை காட்டியது. அதில் பேட்டரி போயிருக்கும் என்று அடித்துச் சொல்லி, புதுசு வாங்கி வந்து போட்டு, அதையும் ஐந்தேகாலுக்குத் திருப்பி வைத்தார். டியூஷனுக்குப் போன மகள் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தபோது, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அவளைக் கேட்டவரும் அவரே. மகள் தன் போனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அதன்பிறகு கடிகாரத்தை உலுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். மச்சான் வருகிறபோதெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டியே பேசினார். "கை வலியா அத்தான்?" என்று அவன் அக்கறையாகத்தான் விசாரித்தான். அவருக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் கடிகாரக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் விலாசத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். கட்டடத்து வாசலுக்கு வந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். இந்தக் கட்டடத்தை அவருக்குத் தெரியும். லிஃப்ட் கதவில் 'பழுது, ஓரிரு நாளில் சரியாகும்' என்று ஒட்டியிருந்த காகிதத்தின் கையெழுத்து அவருடையது. காகிதம் மஞ்சளாகிவிட்டிருந்தது. சர்வீஸ் சென்டரோ ஏழாவது மாடியில்.

சட்டைப் பையில் தைத்திருந்த லிஃப்ட் கம்பெனி முத்திரையைக் கையால் மறைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். நாலாவது மாடி திருப்பத்தில் யாரோ புண்ணியத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் பருத்த உடம்போடு ஒரு கணக்காளர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவரும் நெஞ்சில் கை வைத்து வருவதைப் பார்த்து அவருக்கு இரக்கமாகிவிட்டது. எழுந்து இடம் கொடுத்தார்.

"அந்த லிஃப்ட்காரன் மட்டும் என் கையில கெடச்சான்..."

"ஆமாமா, அவனுங்க எல்லாருமே அப்படித்தான்" என்றார் இவர், உட்கார்ந்துகொண்டே.

ஏழாவது மாடியில், கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தின ஒரு அம்மாள் கடிகாரத்தை வாங்கி, பின்மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஒரு சக்கரத்தின் அச்சு லேசாகக் கோணியிருக்கிறது, தயாரிப்பிலேயே வந்த குறை, உங்கள் மேல் தப்பில்லை, காசும் வேண்டாம் என்று விளக்கினார்.

"ஆனா பார்ட் வெளிநாட்டுலேருந்து வரணும் சார்."

அந்த வாக்கியத்தை அவர் வாழ்நாளில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. தன்னையறியாமல் ஒரு சாதாரண வாடிக்கையாளர் கேட்கிற அதே அசட்டுக் கேள்வியைக் கேட்டார்: எப்ப வரும்?

அம்மாள் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். ரசீதில் கையெழுத்துப் போடுவதற்காக இவர் முத்திரையிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"உங்க குரலைக் கேட்டப்பவே நெனச்சேன். லிஃப்டுக்காக வாரா வாரம் போன்ல பேசறோமே. உங்க பார்ட் எப்ப சார் வரும்?"

இவர் மறுபடியும் முத்திரையைக் கையால் மூடினார். லிஃப்டுக்கான பார்ட் எப்போதோ வந்துவிட்டது. வேறொரு கட்டடத்துச் சொந்தக்காரர் அதிகமாகக் கத்தினார் என்பதால் இவர் அதை அங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டிருந்தார். இங்கே இருந்தவர்கள் பொறுமைசாலிகள். பொறுமைசாலிகள் காத்திருக்கலாம் என்பது அவருடைய தொழில் அனுபவம். நாளைக்கே வந்துவிடும் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு இறங்கினார். நாலாவது மாடியில் நிற்கவில்லை.

மறுநாள் ஸ்டோர் ரூமைக் குடைந்து இன்னொரு பார்ட்டை எடுத்து, தானே போய் மாட்டி, லிஃப்டை ஓடவிட்டார். லிஃப்ட் ஓடினால் தன் கடிகாரத்துக்கான பார்ட்டும் உடனே வந்துவிடும் என்றொரு கணக்கு அவருக்கு இருந்தது. அந்த அம்மாளோ உண்மையைத்தான் சொல்லியிருந்தார். பார்ட் நிஜமாகவே வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்தது. அவர் அடிக்கடி போய் விசாரித்துவிட்டு, கோபப்பட உரிமையில்லாத ஒரு மனிதராகத் திரும்பி வந்தார். வீட்டில் மணி பார்க்க வேண்டுமானால் மச்சானிடம் கேட்டார்.

ஒருநாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கடிகாரம் கிண்ணென்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டு சந்தோஷமாக லிஃப்டில் ஏறினார். டிபன் டப்பாவோடு கீழே சாப்பிடப் புறப்பட்ட அம்மாளும் கூட ஏறினார். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றுவிட்டது.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சிரித்துவிட்டுத் தன் ஆபீஸுக்கே போன் போட்டார். எடுத்தது அவர் வேலைக்குச் சேர்த்துவிட்ட பெண்.

"ஆளு கெளம்பிட்டாரு சார், பத்து நிமிஷத்துல வந்துடுவாரு."

"நான்தாம்மா பேசறேன். உள்ளயே நான்தான் இருக்கேன்."

எதிர்முனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அப்படின்னா இனிமேதான் சார் ஆள் தேடணும்" என்றாள் அந்தப் பெண்.

அம்மாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறந்து மூடியில் பாதியை எடுத்து வைத்து அவரிடம் நீட்டினார். அவர் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்தும் ஆள் வரவில்லை. எவ்வளவு நேரம் ஆச்சு என்று அம்மாள் கேட்டார். அவர் கையைத் திருப்பிப் பார்த்து, ஒண்ணே கால் மணி நேரம் என்றார். அம்மாள் தன் போனோடு ஒத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஒரு செகண்டு கூட வித்தியாசம் இல்ல சார்."