பத்து மணி டீ

மாத்திரை விஷயத்தில் மதிவதனி சிஸ்டர் பெற்ற தாயைக்கூட நம்ப மாட்டாள். "முழுங்கிட்டேன்" என்று யாராவது சொன்னால், வாயைத் திற, நாக்கைத் தூக்கு, கன்னத்தை உப்பு என்று ஒரு சோதனை நடத்திவிட்டுத்தான் ஆளை விடுவாள். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டோரம் அந்தக் காயில் கம்பெனி வந்த புதிது. தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஒரு கட்டில், ஒரு மேஜை, பூட்டுப் போட்ட மருந்து பீரோ, ஜன்னலைத் திறந்தால் நெல் வயல். அந்த முதலுதவி அறைக்கு அவள்தான் மகாராணி. தினமும் குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளைச் சேலை கசங்காமல் இறங்குவதே ஒரு சாமர்த்தியம்.

ரேடியோ, டிவிப் பெட்டிகளுக்குள் போகும் சின்னச் சின்னக் காயில்களைச் சுற்றுவது அங்கே வேலை. சுற்றுபவர்கள் எல்லாம் வல்லம், வடகால் பக்கத்துப் பெண்கள். தை மாதம் அவர்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். சும்மா விழுந்திருந்தால் பரவாயில்லை, ஓடுகிற மெஷின் மேல் சாயப் போனாள். பக்கத்தில் நின்றவள் பின்னலைப் பிடித்து இழுத்ததால் கை தப்பியது. மறுநாளே கம்பெனி ஒரு சட்டம் போட்டது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தால் மெஷினில் நிற்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கத்திரி வெயில் தொடங்கும்வரை அவகாசம். அதற்குள் பத்து வந்தால் பர்மனென்ட், வராவிட்டால் வீட்டுக்கு.

சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்தால் புதிய பெண்களில் ஏழு பேருக்குப் பத்து இல்லை. எல்லாரிலும் குறைவு அந்த விழுந்த பெண்ணுக்கே. அவள் பெயர் சின்னப்பொண்ணு, அவளுக்கு எட்டு. பாலாற்றுப் பக்கத்துச் செங்கல் சூளையில் அம்மாவோடு கல் சுமந்துவிட்டு இங்கே வந்தவள்.

"எங்க வேணா போறேன் சிஸ்டர், திரும்பி அந்தச் சூளைக்கு மட்டும் என்னால முடியாது," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் மதிவதனிக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஏழு பேருக்கும் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாசி பிறந்த கையோடு மதிவதனி காரியத்தில் இறங்கினாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மாத்திரை கிணற்றுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பத்து மணி டீ இடைவேளையில், கேன்டீன் வாசலில், தன் கண்ணெதிரே விழுங்க வைத்தாள்.

"வெளிக்குப் போறது கறுப்பாத்தான் போகும். அதப் பாத்துட்டு குடல் வெந்துபோச்சுன்னு ஊரக் கூட்டக் கூடாது. கொஞ்சம் குமட்டும், வயிறு கட்டும். தண்ணி நெறைய குடிங்க, கீரை சாப்புடுங்க," என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள். அப்படிச் சொல்லியிருந்தும் ஒருத்தி வெளுத்த முகத்தோடு ஓடி வந்து காதில் கிசுகிசுத்தாள் என்பது வேறு விஷயம்.

கேன்டீனில் டீ போடுபவர் சின்னப்பையன். பெயரில்தான் பையன், பேரன் எடுத்தவர். அவர் டீயில் டிகாஷன் அப்படி இருக்கும், நாக்கு ஒரு மணி நேரத்துக்குத் துவர்க்கும். விடிவதற்குள் வேன் ஏறும் பெண்களுக்கு அதுதான் காலை ஆகாரம். ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை, ஒரே மடக்கு. வாயைத் திற, நாக்கைத் தூக்கு, போ. ஒருநாள் தவறவில்லை. தன் ஏற்பாட்டைப் பார்த்துத் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள் மதிவதனி.

பங்குனியில் மறுபடி ரத்தம் எடுத்தாள். எட்டு என்றிருந்த சின்னப்பொண்ணு எட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களும் அப்படியே, ஊறப்போட்ட கல் மாதிரி. இரண்டாவது தடவை குத்திப் பார்த்தும் அதே கதை. ஏழு பேரில் சகாயமேரி ஒருத்திக்கு மட்டும் ஏறியிருந்தது. எட்டரையில் இருந்தவள் பத்தைத் தொட்டுவிட்டாள்.

பர்சனல் ஆபீசர் கோதண்டம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏமாத்தறாங்க சிஸ்டர். உங்க எதிர்ல முழுங்கற மாதிரி முழுங்கிட்டு, பாத்ரூம்ல போயி துப்பறாங்க."

"ஒவ்வொரு வாயையும் நான் பாத்திருக்கேன் சார்."

"அப்ப ரத்தம் ஏன் ஏறல?"

மதிவதனி நேரே போய் மருந்து பீரோவைத் திறந்தாள். மாத்திரை பழசா என்று தேதியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பூச்சி மருந்தும் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று.

சகாயமேரி விஷயம் அதைவிடக் குழப்பம். அவள் வேதக்காரப் பெண். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்று கறி, மீன், முட்டை எதையும் தொடாமல் இருந்தவள். மற்றவர்களாவது ஞாயிற்றுக்கிழமை ஈரல் வாங்கித் தின்றார்கள். தின்றவர்களுக்கு ஏறவில்லை, பட்டினி கிடந்தவளுக்கு ஏறியிருக்கிறது. லைன் முழுக்க ஒரே பேச்சு, மாதா கண் திறந்துவிட்டாள் என்று.

மறுநாள் டீ இடைவேளையில் சின்னப்பொண்ணு தயங்கித் தயங்கி வந்தாள். "சிஸ்டர், நானும் மேரி மாதிரி நோன்பு இருக்கட்டுமா? மாதா எங்களுக்கும் குடுப்பாங்க இல்ல?"

எட்டில் இருப்பவள் நோன்பு இருந்தால் இருக்கிறதும் போய்விடும். "அதெல்லாம் வேணாம்டி," என்ற மதிவதனி சகாயமேரியைக் கூப்பிட்டாள். "நோன்புல இன்னா இன்னா வுட்ட, சொல்லு."

"கறி, மீனு, முட்ட. பூ வெக்கறதில்ல. சினிமா இல்ல சிஸ்டர்."

"வாயில போடறதுல வேற?"

"டீ." சகாயமேரி வெட்கத்தோடு சிரித்தாள். "அதான் பெரிய கஷ்டம். மாத்திரைய பைப் தண்ணியில தான் முழுங்கறேன். ஈஸ்டர் பூச முடிஞ்சதும் மொத வேல ஒரு டீ."

மதிவதனி திரும்பிப் பார்த்தாள். வாசலில் சின்னப்பொண்ணையும் சேர்த்து ஆறு பெண்கள். ஆறு கைகளிலும் ஆவி பறக்கும் டம்ளர். அதில் ஒருத்தி அந்த நேரம் பார்த்து மாத்திரையை வாயில் போட்டு, டீயை மடக்கென்று குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இவளைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள்.

இரும்புச்சத்து மாத்திரையோடு டீ சேரக் கூடாது. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் விடாது. நர்ஸிங் படிக்கையில் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள், கன்னத்தை உப்பச் சொல்லிப் பார்த்தாள். வாயைப் பார்த்தவள் கையைப் பார்க்கவில்லை. இடித்த புளி போல நின்றாள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. தன்னால் ஒரு பெண் சூளைக்குத் திரும்பிப் போவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பயந்தால் வேலை ஆகுமா? அன்று டாக்டர் வரும் நாள். அவர் கேட்டுவிட்டு, "நானும் எழுதும்போது சொல்லியிருக்கணும்மா," என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். அங்கிருந்து நேரே கோதண்டத்தின் அறைக்குப் போனாள்.

"அவங்க ஏமாத்தல சார். தப்பு என்னுது. மாத்திரையையும் டீயையும் ஒண்ணாக் குடுத்தது நான்தான்."

கோதண்டம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பை ஒத்துக்கொள்கிற ஆளை அந்த அறையில் அவர் அதிகம் பார்த்ததில்லை. "அப்ப டீயை நிறுத்திடலாமா?"

"டீயை நிறுத்தினா லைனே நின்னுடும் சார். அதக் குடிச்சுட்டுத்தான் நிக்கறாங்க. டீ பத்து மணிக்கே இருக்கட்டும். மாத்திரைய மதியம் பன்னெண்டுக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கறேன்."

"பன்னெண்டுக்கு மெஷின் நிக்காதே."

"நிக்க வேணாம். நான் போறேன் லைனுக்கு."

அவர் தலையாட்டினார். "சரி. ஆனா கடைசி டெஸ்ட் நீங்க எடுக்க வேணாம். காஞ்சிபுரத்துலேர்ந்து லேப் ஆள் வரட்டும். பத்துன்னா பத்துதான். ஒன்பதே முக்கால்னு வந்து நிக்காதீங்க."

விஷயம் சின்னப்பையன் காதுக்குப் போனதும் அவர் மூஞ்சி சுருங்கிவிட்டது. "இத்தினி வருஷமா டீ போடறேன். என் டீ ரத்தத்தக் குடிக்குதுன்னு சொல்லிகினு திரியறீங்களாமே?"

"உங்க டீ மேல குத்தமில்லண்ணா. அது நல்லா இருக்கறதுதான் பிரச்சனை. இவங்களுக்கு எலுமிச்சம்பழத் தண்ணி வேணும். புளிப்பு சேர்ந்தா இரும்பு நல்லா உள்ள போகும். உங்க கைப்பக்குவத்துல போட்டுத் தருவீங்களா?"

உச்சி குளிர்ந்துவிட்டது மனுஷனுக்கு. அடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஓர் ஊர்வலம். முன்னால் மாத்திரைத் தட்டோடு மதிவதனி, பின்னால் எலுமிச்சைத் தண்ணீர்க் குடத்தோடு சின்னப்பையன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நிற்பவள் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ள, ஒவ்வொருத்தியாகத் திரும்பி விழுங்கினார்கள். சூப்பர்வைசர் முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் தனக்கும் ஒரு டம்ளர் கேட்டார்.

சின்னப்பொண்ணுக்கு மட்டும் வெறும் வயிற்றில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. "வாந்தி எடுத்துட்டேன் சிஸ்டர்," என்று இரண்டு நாள் உண்மையைச் சொன்னாள். வயிற்றெரிச்சல் மாத்திரை கேட்டாள். மதிவதனி தரவில்லை. "அது டீக்கு அண்ணன். அதுவும் இரும்ப உள்ள வுடாது." டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒரு கைப்பிடிப் பொரி தின்ற பிறகு விழுங்க வைத்தாள். வாந்தி நின்றது.

சித்திரையில், கத்திரி தொடங்குவதற்கு முன் காஞ்சிபுரத்து லேப்காரர் பெட்டியோடு வந்தார். முதலுதவி அறையில் இடமில்லை. கோதண்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் சின்னப்பையன் தலை தெரிந்தது.

குட்டிக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் அமிலம், அதில் விரலிலிருந்து எடுத்த ரத்தம். அது கறுப்பாகத் திரண்டதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். பக்கத்தில் இருக்கும் மாதிரிக் கண்ணாடியின் நிறத்துக்கு எந்தக் கோட்டில் வெளுக்கிறதோ, அதுதான் கணக்கு. சத்தில்லாத ரத்தம் சீக்கிரம் வெளுக்கும். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருத்தியாகப் பத்தைத் தாண்டி, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். கடைசியாகச் சின்னப்பொண்ணு.

எட்டாவது கோடு வந்தது. குழாய் கறுப்பாகவே இருந்தது. லேப்காரர் கலக்கினார், இன்னும் சொட்டு விட்டார். ஒன்பது. ஜன்னலிலிருந்து, "என் டிகாஷன் கணக்கா நிக்குது பாரு," என்றார் சின்னப்பையன். யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதே முக்காலில் லேப்காரர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். கோதண்டமும் எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னும் வெளுக்கல சார்," என்றார் லேப்காரர். மறுபடி சொட்டு விட்டார். பத்தாவது கோடு தண்ணீருக்குள் மூழ்கியது. அதற்கு மேலும் ஏறித்தான் நிறம் ஒத்துவந்தது. "பத்தரை."

வாசலில் எழுந்த சத்தத்தில் லைனே நின்றுவிட்டது. பன்னிரண்டு மணி மாத்திரைக்கு நிற்காத லைன், அன்றைக்கு நின்றது. கோதண்டம் அதைக் கேட்டும் கேட்காதவர் போல, "அடுத்து சேர்றவங்களுக்கும் இந்த ஊர்வலத்த வெச்சுடுங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னார். சின்னப்பொண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் அழுதாள். மதிவதனிக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தட்டோடு அவள் லைனுக்குப் போனாள். சின்னப்பொண்ணுக்கு ஆச்சரியம். "பத்தரை வந்துடுச்சே சிஸ்டர். இன்னும் எதுக்கு?"

"இப்ப ஏறினது கைச்செலவுக்குத்தான். உடம்புக்குள்ள இருப்பு சேரணும்னா இன்னும் மூணு மாசம். பாதியில வுட்டா பழையபடி எட்டு."

சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே பொரியைத் தின்றாள், எலுமிச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். பிறகு வழக்கம்போல வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கினாள்.

மதிவதனி அவள் கையைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். வாயைப் பார்க்கவில்லை.

"மூடுடி. நம்பறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்கு நடந்தாள்.