தடுமாறாத கை

அத்தானின் வலது கை திறந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கவாதத்தில் மூடிக்கொண்ட கை அது. நான் செய்த கையுறையை மாட்டி "திறங்க" என்று சொன்னால், ஐந்து விரல்களும் ஒன்றாக எழுந்து விரிந்தன. அக்கா ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோல் வாயில் கை வைத்துக்கொண்டாள். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அத்தான், திங்கட்கிழமை கடை திறப்பதாக வாடிக்கையாளர்களிடம் போனில் சொல்லத் தொடங்கியிருந்தார். கையுறையோடே போய் உட்காரப்போகிறாராம்.

அந்தத் திங்கட்கிழமையை நினைத்துத்தான் எனக்குப் பயம். கடையில் சாவி வெட்டும் மெஷின் இருக்கிறது. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும் கை, வேண்டிய நொடியில் பிடியை விடத் தெரிந்த கையாக இருக்க வேண்டும். விடத் தெரியாத கைக்கு விரல் போகும்.

கையுறையின் கணக்கு எளிமையானது. விரலைத் திறக்க நினைத்தால் முன்கையில் அந்த விரலுக்கான தசை இறுகும். எவ்வளவு மெல்ல இறுகினாலும் தோலில் ஒட்டிய சென்சார் அதைப் பிடித்துவிடும். எந்த விரலின் தசை எவ்வளவு இறுகுகிறதோ, அந்த விரலின் மேலோடும் கயிற்றை மோட்டார் அவ்வளவுக்கு இழுத்துக்கொடுக்கும். முயற்சி அவருடையது, பலம் மட்டும் மெஷினுடையது. இதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மீண்டு வரும் கை தடுமாறும். ஒரு விரல் முந்தும், சுண்டுவிரல் முரண்டு பிடிக்கும், களைத்தால் நடுங்கும், பேச்சில் கவனம் போனால் பாதியில் மறந்துவிடும். அத்தானின் கை, அவர் ஜோக் சொல்லிச் சிரிக்கும்போதும் ஒரே சீராகத் திறந்தது.

முதலில் அக்காவைச் சந்தேகப்பட்டேன். பயிற்சி நேரம் முழுக்க அவர் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காரேன்."

"ஏன், நான் பக்கத்துல இருந்தா உன் மெஷினுக்கு வெக்கமா இருக்கா?"

"போயேன்க்கா."

"பொறந்ததுலேர்ந்து இவ இப்படித்தான். பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பாட்டிலைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பா."

அத்தான் தன் வலது கையைப் பார்த்து, "சி.ஐ.டி. வந்திருக்காங்க. ஒழுங்கா நடந்துக்க," என்றார்.

அக்கா எதிர்ச்சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கை அப்போதும் திறந்தது. அப்பழுக்கில்லாமல்.

பிறகு மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். ஒருவேளை அது யார் சொல்லும் கேட்காமல் தானாக இழுக்கிறதோ? கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "திறங்க." கிர் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் மோட்டாரின் ரீங்காரம். "மறுபடி." கிர், ரீங்காரம். முதல் சத்தம் மோட்டாருடையது அல்ல.

நாற்காலி.

மற்ற நாற்காலிகளில் சாய்ந்து சாய்ந்து உட்கார்கிறார் என்று அவர் கடையிலிருந்து நானே தூக்கிவரச் செய்த நாற்காலி. கண்ணைத் திறந்து அவர் முழங்கையைப் பார்த்தேன். அது மரக்கைப்பிடியில் ஊன்றி அழுந்தியிருந்தது. சட்டையில் அந்த இடம் மட்டும் நைந்துபோயிருந்தது.

அருகில் போய் அவர் முழங்கையை என் உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிக்கொண்டேன்.

"இப்ப திறங்க அத்தான்."

ஒன்றும் நடக்கவில்லை.

"மெஷின் நின்னுபோச்சு போல."

"பச்சை விளக்கு எரியுது பாருங்க."

முழங்கையைக் கைப்பிடியில் இறக்கினேன். கிர். கை மலர்ந்தது. மறுபடி தூக்கினேன். கை மூடிக்கிடந்தது.

சாவி மெஷினில் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அங்கே முழங்கைக்குக் கீழே வெறும் காற்று.

 அத்தான் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார்.

"நான் ஏமாத்தலம்மா," என்றார் அத்தான்.

"தெரியும் அத்தான். இறுகின பூட்டு ஒன்னு வந்தா கையை எப்படி வெப்பீங்க?"

யோசித்தார். அவருடைய இடது முழங்கை தானாகவே மேசைமேல் போய் ஊன்றிக்கொண்டது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஊன்றினால் முன்கை முழுவதும் இறுகும். தசை இறுகியதா என்று மட்டும் கேட்க என் மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். எதற்காக இறுகியது என்று கேட்கச் சொல்லவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அதுவரை விரல்களை விட்டுக் கண்ணை நகர்த்தவே இல்லை.

திடீரென்று அவர் குரல் மாறியது. "கடை திறக்கப் போறேன்னதும் கண்டுபிடிக்கிறியே. கடை வேண்டாம்னு உங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள் அக்கா. சற்றுத் தாமதித்துத்தான் சொன்னாள். அதை நான் கவனிக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மாலை வந்தபோது மேல்கையின் பின்புறத்தில் இன்னொரு சென்சாரை ஒட்டினேன். முழங்கையை ஊன்ற அந்தத் தசைதான் வேலை செய்யும். அது இறுகினால் மோட்டார் அசையக் கூடாது. கைப்பிடியில்லாத ஸ்டூலில் அவரை உட்காரவைத்து, முழங்கையைத் துண்டால் தொட்டில்போல் கட்டித் தொங்கவிட்டேன்.

அத்தான் முயன்றார். தோளைத் தூக்கிப் பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். எந்தப் பூட்டிலும் இடுக்கு தேடிப் பழகிய மனிதர் என் மெஷின் முழுக்கத் தேடினார். நெற்றி வேர்த்தது. கையுறை மூச்சு விடவில்லை.

"ரிப்பேராயிடுச்சா?" என்றாள் அக்கா மெதுவாக.

"இல்லக்கா. இப்பத்தான் வேலை செய்யுது."

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் போனை எடுத்து, பெருவிரலால் தடவித் தடவி யாரையோ அழைத்தார்.

"திங்கக்கிழமை இல்லப்பா... தெரியல. சொல்றேன்... ஆமா, வேற கடையில குடுத்துக்க."

போனை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு என்னிடம் இருந்தவை எல்லாம் ஆறுதல்கள், ஆறுதலை அந்த அறையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிறகு, நான் கேட்காமலே, அவர் மறுபடி முயன்றார்.

மோட்டார் மிகச் சிறிதாக முனகியது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதிக்கு எழுந்து, நடுங்கி, விழுந்துவிட்டது.

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் முதலில் முழங்கையைப் பார்த்தேன். அது துண்டுக்குள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தோளைப் பார்த்தேன். இறங்கியிருந்தது.

"நீ பாத்தியா?" என்றார் அத்தான்.

"இன்னொரு தடவை," என்றேன்.