‘எழுதாதே’ என்று ஒரு வரி

அந்த ஞாயிறு மதியம் மாடியில் இருந்தவர்கள்: கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன், அவர் மனைவி சரஸ்வதி, மகன் ஹரிஷ், மருமகள் அனுப்ரியா, ப்ராக்ஸி சர்வர் போட்டுக் கொடுக்க வந்த நான்.

கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே வைஃபை. யார் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதுதான் பாண்டுரங்கன் கேட்டது. அது நல்ல காரணமா என்று நான் யோசிக்கவில்லை. பெங்களூரில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதமாக இதே ஊரில், மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பில் அப்பா வீட்டில் கிடக்கிறேன். கூப்பிட்டால் போவேன்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஹாலில் வைத்திருந்தார்கள். மற்ற மூவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடை பில்லெல்லாம் அனுப்ரியாதான் போடுவாள். அதனால் இதையும் அவளே கற்றுக்கொள்ளட்டும் என்று உத்தரவு. நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள்.

“இனிமே போனெல்லாம் நேரா வெளிய போகாது. இந்த மிஷினைக் கேக்கும். இது போய் வாங்கிட்டு வந்து குடுக்கும். யாரு கேட்டாங்க, எந்த சைட்டு, எத்தினி மணி, எல்லாம் ஒரு வரி எழுதி வெச்சுக்கும்.”

“அழிக்காதா?”

“நாம அழிச்சாத்தான்.”

முதல் சோதனைக்கு அவள் போனையே வாங்கினேன். வைஃபை அமைப்பில் கம்ப்யூட்டரின் எண்ணையும் போர்ட் எண்ணையும் போட்டேன். ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. புதிதாகப் போடுகிற எல்லோருக்கும் வருவதுதான். வீட்டு போன்களை உள்ளே விடு என்று ஒரு விதி சேர்க்க வேண்டும். சேர்த்தாள். உடனே திரையில் வரிகள் ஓடின. நாங்கள் எதையும் திறக்கவில்லை. அவள் மூடாமல் விட்ட பக்கம் தானாகவே மறுபடி திறந்துகொண்டது. பெங்களூர் லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றின் பெயர், மூன்று முறை.

அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். ரசத்துக்குக் கிண்ணம் கேட்டுக்கொண்டிருந்தார் பாண்டுரங்கன்.

“ஆஸ்பத்திரி பில்லிங்ல வேலை கெடச்சிருக்கு. புதன்கெழம சேரணும்” என்றாள் மெதுவாக. “இவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா போனைப் புடுங்கிப்பாங்க. அப்புறம் போகவே முடியாது.”

“எப்ப சொல்வீங்க?”

“செவ்வாக்கெழம ராத்திரி. நீங்க ஏங்க அந்த ஊரை விட்டு வந்தீங்க?”

“தூக்கம் வரல.”

“எனக்கு இங்க வரல.”

அவள் போனுக்கு 23 என்று முடிகிற எண் விழுந்திருந்தது. அந்த மூன்று வரிகளை அழித்தேன். பிறகு, 23-லிருந்து வருவதை எழுதாதே என்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன். அவளுக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் இல்லை. யாராவது உள்ளேயிருந்து வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது.

பாண்டுரங்கன் கை துடைத்தபடி வந்தார். “இன்னா தம்பி, கேஜ் எறங்குச்சா, பாதி ஷாஃப்ட்ல தொங்குதா?” சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டுதான் கேஜ்; வேலை முடிந்ததா என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு.

“எறங்கிடுச்சு சார்.”

மற்ற மூன்று போன்களிலும் போட்டேன். 21, 22, 24. அவர் ஒரு அட்டையின் பின்புறத்தில் பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டார். சரக்கு வந்தால் பெட்டி பெட்டியாகச் சரிபார்க்கிற கை. நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் திறந்தார்கள். வரி வர வர டிக் அடித்தார். மூன்று டிக். பேனா நின்றது.

“இருபத்தி மூணு எங்க?”

“கொஞ்ச நேரம் ஆகும் சார். போனு அப்படி.”

“என் போனும் அதே மாடல்தான், குரு” என்றான் ஹரிஷ் என்னைப் பார்த்து. அவள் போனை வாங்கிப் பார்த்தான். “செட்டிங் சரியா இருக்கு. பேஜும் ஓப்பன் ஆவுது.”

“அப்போ உன் மிஷினுக்கு என் மருமகளை மட்டும் கண்ணு தெரியலயா?” பாண்டுரங்கன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டையை மடித்தார். “இன்னா பண்ண நீ?”

பொய் சொல்ல வாய் திறந்தேன். அனுப்ரியா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ‘எழுதாதே’ வரியை அவளே தேடிப் பிடித்து எடுத்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். ஹரிஷிடமிருந்து போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

“படிங்க மாமா.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். “லேடீஸ் ஹாஸ்டல். யாருக்கு?”

“எனக்கு. பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. புதன்கெழம சேரணும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல” என்றான் ஹரிஷ்.

“வேலைக்குப் போணும்னு ரெண்டு தடவ சொன்னேன். அப்பாவக் கேளுன்னீங்க.”

“பில்லு யாரு போடுவா?” என்றார் சரஸ்வதி. வேறெதுவும் கேட்கவில்லை.

பாண்டுரங்கன் மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பினார். “புதன்கெழம எதுக்கு? போறவ இன்னிக்கே போ. ரயிலு எங்க நிக்கும்னாவது தெரியுமா?”

அவள் அப்படியே நின்றுவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் குரலில் அது இருந்தது.

“பங்காருபேட்டைக்குப் போயிட்டா எதனா ஒரு ரயிலு கெடைக்கும்.”

அறைக்குள் போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தோளில் ஒரு பை, கையில் சர்டிஃபிகேட் ஃபைல். ஹரிஷ் பாதி எழுந்தான்.

“உக்காருடா. தெரு முனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவா.”

உட்கார்ந்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். திரையில் 23-லிருந்து இன்னும் சில வரிகள் வந்தன. பிறகு வரவில்லை. வைஃபை எட்டாத தூரம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சரஸ்வதி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேல்தாழ், கீழ்த்தாழ், கடைசியில் சாவி.