வரி கட்டிய சாயங்காலங்கள்

அந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வுக்காலத்துக்காகச் சாயங்காலங்களைச் சேமித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் சேமிப்பு அலுவலகத்துக்குப் போய் அன்றைய சாயங்காலத்தைக் கவுண்ட்டரில் கொடுத்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார்கள். அறுபது வயதானதும் நாளுக்கு ஒன்றாகத் திருப்பித் தருவார்கள்.

மரகதத்தின் கணவர் சிவக்கொழுந்து நூற்பாலையில் சூப்பிரண்டெண்டாக இருந்தவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சாயங்காலத்தைக்கூட அவர் வீட்டில் செலவழிக்கவில்லை. கெட்டிக்காரர் என்று உறவில் பெயர். அந்தப் பேச்சைக் கேட்டாலே மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதிலிருந்தே அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தாள். தன்னைக் கட்டிக்கொண்டது அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று. அதைப் பால் பாக்கெட் வாங்கும் நேரத்திலோ அவர் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்திலோ கேட்க முடியாது. சாயங்காலத்தில்தான் கேட்க முடியும். ஆகவே காத்திருந்தாள்.

சாயங்காலம் என்பது மூன்று பங்கு. பேச்சு, சாப்பாடு, சும்மா உட்கார்ந்திருப்பது. அதில் ஒரு பங்கு வரியாகப் போகும். சம்பளம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. முழுசாகப் போட்டுவிட்டு எடுக்கும்போது வரி கொடுக்கலாம். ஆனால் அப்போது எந்தப் பங்கை வெட்டுவது என்பது வரி இலாகாவின் இஷ்டம். சூப்பிரண்டெண்டுகளுக்குச் சலுகை கிடையாது. போடும்போதே கொடுத்துவிட வேண்டும், ஆனால் எந்தப் பங்கு என்று அவர்களே சொல்லலாம். சிவக்கொழுந்து சும்மா உட்கார்ந்திருப்பதைக் கொடுத்தார். இலாகாவில் அதற்கு நல்ல மதிப்பு. வாங்கி அரசு அலுவலகங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே எவ்வளவு வந்தாலும் போதுவதில்லை.

"பேச்சைத் தொடலை. உனக்குன்னு அப்படியே கிடக்கு" என்று ஒரு காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மரகதம் பல வருஷம் ஓட்டினாள்.

வருஷா வருஷம் ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் அருமைநாதன். அவர் அலுவலகம் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. ஜூலைக் கடைசியில் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். உள்ளே வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னாலேயே, போன வருஷம் மாதிரியே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் அங்கே மரியாதை. வேறு மாதிரி போடச் சொல்கிறவர்களைப் பின்னால் நிற்பவர்கள் வம்பு பிடித்தவர்கள் என்று நினைப்பார்கள். அருமைநாதன் போன வருஷத்து நகலை எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குவார்.

வரி கொடுத்துவிட்டுப் போட்ட சாயங்காலங்களுக்கு ஒரு மஞ்சள் தாள் இணைக்க வேண்டும், இதுவரை இத்தனைக்குக் கொடுத்தாயிற்று என்று. முதல் வருஷம் அருமைநாதன் அந்தத் தாளைக் கையில் எடுத்தாராம். சலுகையே இல்லாததை எதற்காகக் காட்ட வேண்டும் என்று சிவக்கொழுந்து கேட்டாராம். அது இரண்டு பேருக்குமே நியாயமாகப் பட்டதால் தாள் மேஜைக்குள் போய்விட்டது. அடுத்த வருஷம் போன வருஷம் மாதிரி போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் அதே மாதிரி.

ஓய்வு பெற்ற மறுநாள் மரகதம் நல்ல புடவை கட்டிக்கொண்டு அவரோடு சேமிப்பு அலுவலகத்துக்குப் போனாள். கவுண்ட்டரில் இருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண், பெயர் இசக்கியம்மாள். கணக்கைப் பார்த்துவிட்டு, மஞ்சள் தாள் ஒன்றுகூட இல்லை, எதற்கும் வரி கட்டியதாகத் தெரியவில்லை, வெட்டித்தான் தர முடியும் என்றாள். ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, ஒரு சாயங்காலத்தைப் பிரித்துப் பாருங்கள், அதில் சும்மா உட்கார்ந்திருப்பது இருக்காது என்று மரகதம் சொன்னாள். இசக்கியம்மாள் ஒன்றைப் பிரித்து உதறிப் பார்த்தாள். இல்லைதான்.

"இல்லாததை வச்சு என்னத்தம்மா நிரூபிக்கிறது? சும்மா உக்காரத் தெரியாத ஆம்பளைங்க இந்த ஊர்ல எத்தனையோ பேரு."

கத்தரியை எடுத்துப் பேச்சை வெட்டினாள். கை சுத்தமான வேலை. மீதி இருந்த சாப்பாட்டை மடித்துக் கொடுத்தாள். சிவக்கொழுந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து ஆறு மணியானால் அவர் பலகையைப் போட்டு உட்கார்வார், சாப்பிடுவார், எழுந்திருப்பார். பகலில் பேசுவார். கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், கொத்தமல்லி விலை. சாயங்காலத்தில் வாய் இட்லிக்கு மட்டும்தான் திறந்தது. மரகதம் எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அருமைநாதன்மேல் அவ்வளவு வரவில்லை. அவர் ஊருக்கெல்லாம் செய்ததைத்தான் செய்தார்.

ஒரு நாள் பூ வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது ஒலிபெருக்கி சொன்னது: "மேலூர் வண்டி மூணாவது நடைமேடை. மரகதம், மழை வர்ற மாதிரி இருக்கே, துணியெல்லாம் எடுத்துட்டியா?" சிவக்கொழுந்தின் குரல். வரியாக வரும் பேச்சை இலாகா பஸ் ஸ்டாண்டுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. தனியாக ஆள் போடத் தேவையில்லை. மேலூர் போகிறவர்கள் மூன்றாவது நடைமேடைக்கு நடந்தார்கள். எடுத்துவிட்டேன் என்று மரகதம் மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் பூவை அளந்து வாங்கினாள்.

மறுநாளிலிருந்து அவரையும் கூட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் பேச்சு மேலேயிருந்து வந்தது. ஒரு வாரம் அவள் அதற்கு ம் கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம், திருப்பத்தூர் வண்டி கிளம்பிப் போய்ச் சத்தம் அடங்கிய இடைவெளியில், கேட்டுவிட்டாள்.

"என்னங்க, என்னைக் கட்டிக்கிட்டது உங்களுக்குப் பிடிச்சுதா?"

பக்கத்தில் சிவக்கொழுந்து இட்லியைப் பொடியில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது.

"மொதல்ல பிடிக்கலை. அப்புறம் பிடிச்சுது. இப்பத் தெரியலை."

மரகதம் மூன்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். முதலாவது சுட்டது. மூன்றாவது அதைவிடச் சுட்டது. நடுவில் இருந்ததை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குள் இலாகாவின் ஆள் ஒருவர் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். இலாகாவின் பேச்சிலிருந்து அவளுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது, அது வருமானம், மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று தணிவாகச் சொன்னார். முதல் முறை என்பதால் எதைக் கொடுப்பது என்று அவளே சொல்லலாமாம்.

மரகதம் மூன்றாவதை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் மடியிலேயே வைத்தார். முதலாவதை நீட்டினாள். அதையும் வைத்தார்.

"மதிப்பில்லாததை வரியா எடுத்துக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைங்கம்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு இட்லி வேண்டும் என்று விரலைக் காட்டினார். வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். இலாகாக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு அறிவிப்பு அறையின் கதவைத் தட்டினார்.

"சிங்கம்புணரி வண்டி ரெண்டாவது நடைமேடை" என்றது ஒலிபெருக்கி. "அப்புறம் பிடிச்சுது."

சிங்கம்புணரி போகிறவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய் ஏறிக்கொண்டார்கள்.