கரும்புத் தொட்டிலின் பின்முனை

எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்றால், அதை நான் வேறு எதற்காகச் செய்துகாட்ட வேண்டும் என்று அருணாதேவி நினைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் உயரே இருந்த திரையில் அவள் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேசைக்கடியில் வைத்துவிட்டிருந்தாள். கையிலிருந்த டம்ளரிலோ டீ வாய் வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

வேங்கிக்காலில் இருந்த அந்தக் கண்காணிப்பு அறையின் திரைகள் எல்லாமே ஒரு டீ ஆறும் நேரம் முந்தி ஓடின. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கிரிவலப் பாதையிலும் மாட வீதிகளிலும் கூடும் கூட்டத்தில் யார் திருடுவார், யார் அடித்துக்கொள்வார், யார் மயங்கி விழுவார் என்று நடையையும் கையசைவையும் பார்த்து ஊகித்து, ஆளைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போடுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அது ஊகிப்பதை நிறுத்திவிட்டு, நடக்கப்போவதை அப்படியே காட்டத் தொடங்கியது. கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து கடிகாரங்களைச் சரிபார்த்தார்கள். கடிகாரங்கள் சரியாக இருந்தன. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூர் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தியா கம்மியா என்று ஆட்டோக்காரர்கள் அருணாதேவிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். பூக்கடை பச்சையம்மாள் மழை வருமா என்று மட்டும் கேட்பாள். வரும் என்றால் இரண்டு முழம் பூவை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

கட்டம் விழுந்ததும் அருணாதேவி பொத்தானை அழுத்த வேண்டும். போலீஸ்காரர்கள் அந்த ஆளை மரியாதையாகக் கூட்டிப்போய்த் தகரக் கொட்டகையில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். பிறகு அவள் தன் கட்டைவிரலை ஒரு சின்னக் கண்ணாடியில் வைத்தால், அந்த ஆளின் பெயர் லாட்ஜுகளுக்கும் அவர் வேலை செய்யும் இடத்துக்கும் போய்விடும். அதற்குமேல் அந்த ஆளுக்கு இந்த ஊரில் யாரும் அறை கொடுப்பதில்லை, வேலையும் நிலைப்பதில்லை.

ஆளைத்தான் நிறுத்த முடிந்தது, காரியத்தை நிறுத்த முடியவில்லை. போளூரிலிருந்து வந்த ஒருவனைச் சங்கிலி அறுப்பான் என்று பிடித்து உட்காரவைத்திருந்தபோது, சங்கிலி தானாக அறுந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு ஆளின் கை உயரத்தில் மிதந்து வந்து, கொட்டகையில் அவன் மடியிலேயே விழுந்தது. அவன் பயந்து அழுதான். இரண்டு ஆட்டோ டிரைவர்களைத் தனித்தனி பெஞ்சில் உட்காரவைத்த அன்று, அவர்களுடைய ஸ்டாண்டில் யாரும் இல்லாமலேயே கன்னத்தில் அறை விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஆசிரமத்துக்குப் பக்கத்துக் காபிக் கடையில் அழப்போவதாகக் கட்டம் விழுந்த வெளிநாட்டுக்காரப் பெண்மணியை வேனில் ஏற்றிய பிறகு, அவள் உட்காரவிருந்த மேசை நனைந்தது. கடைக்காரர் துடைத்துவிட்டு அடுத்தவரை உட்காரவைத்தார். ஊரில் இதற்கு ஆளில்லாக் காரியம் என்று பேர் வந்தது. தெருவில் ஒன்று வந்தால், தண்ணீர் லாரிக்கு ஒதுங்குவதுபோல ஜனங்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அருணாதேவிக்கு இதில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே, நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவளுடைய புருஷன் பலராமன். கல்யாணமான புதிதில் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். பிறகு, தெரிந்ததைச் சொல்வானேன் என்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டவை எல்லாம் சமையலறையில் எங்கேயோ, மளிகை டப்பாக்களுக்குப் பின்னால், தாமாகவே சொல்லிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். வேலையில் ஒருமுறை பொத்தானை அழுத்தத் தாமதித்தாள் என்று அவள் நாற்காலிக்கு மேலேயும் ஒரு கேமரா வைத்தார்கள். அதிலிருந்து அவள் தன்னைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். திரையில் முந்தானையைச் சரிசெய்தால், சற்றுப் பொறுத்து இவளும் சரிசெய்வாள். அதில் பெரிய கஷ்டமில்லை. அலுப்புதான்.

தீபத் திருவிழாவின் தேர் நாளன்று காலையில், பேகோபுரத் தெருத் திரையில் ஒரு பெண்ணைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. கீழே, குழந்தையைத் தூக்கிச் செல்வார் என்று வந்தது. அது அருணாதேவியின் தங்கை மணிமொழி.

வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்பில் கட்டிய புடவைத் தொட்டிலில் இட்டு, முன்முனையை அப்பனும் பின்முனையை அம்மாவுமாகத் தோளில் தாங்கி மாட வீதி சுற்றுவார்கள். பேகோபுரத் தெருவுக்கு வரும்போது பல அம்மாக்களுக்குக் கால் ஓய்ந்துவிடும், உடம்பு தேறியிருக்காது. மணிமொழி வருஷா வருஷம் அங்கே நின்று, தள்ளாடுகிறவளிடமிருந்து பின்முனையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு தேரடி வரை நடப்பாள். ஒரு காலத்தில் அவளும் வேண்டிக்கொண்டவள்தான். பிள்ளைதான் பலிக்கல, தோளாச்சும் உதவட்டுமே என்று சிரிப்பாள். மற்ற நாட்களில் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள். அந்த வேலைதான் அவளுடைய சோறு.

அறைக்குப் பொறுப்பான சரவணகுமார் திருவிழா தொடங்கியதிலிருந்து சரியாகத் தூங்காதவன். கெட்டவன் இல்லை. அருணாதேவி தொட்டில் விஷயத்தை அவனுக்கு விளக்கிச் சொன்னாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

“எனக்குப் புரியுதுக்கா. அதுக்குத் தெரியாதே.”

“தெரியலன்னு அதுல எழுதேன்.”

“எழுத எடமே இல்லக்கா. ஆமாவ அழுத்துறது ஒண்ணுதான் இருக்கு.”

அருணாதேவி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே திரையில் அவள் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தாள். டீ ஆறியது. மேசைமீது பொத்தான், விரல் படாமல், தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

கொஞ்ச நேரத்தில் மணிமொழி கொட்டகையிலிருந்து போன் செய்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“அக்கா, என்னைக் கூட்டியாந்து கொட்டாயில உக்காரவெச்சிட்டாங்க. டீ நல்லாதான் இருக்குது. ஆனா தோளு வலிக்குதுக்கா, தடிப்பு தடிப்பா செவந்துபோச்சி. நல்ல புஷ்டியான புள்ளபோல.”

அதே நேரம் வயர்லெஸ்ஸில் பேகோபுரத் தெருக் காவலர், தொட்டில் ஒன்று பின்னால் ஆளில்லாமல் போய்க்கொண்டிருப்பதாகவும், குழந்தை தூங்குவதாகவும், கூட்டம் வழி விடுவதாகவும் தகவல் சொன்னார். குழந்தையின் அம்மா கைவீசிப் பக்கத்தில் நடந்துவருகிறாளாம். கரும்பின் பின்முனை ஒரு குட்டையான பொம்பளையின் தோள் உயரத்தில் அசைந்தசைந்து போகிறதாம். மணிமொழி குட்டைதான்.

சரவணகுமார் ரேகைக் கண்ணாடியைத் துடைத்து அருணாதேவியின் முன்னால் வைத்தான். பொத்தானைப் போல இது இல்லை. ஆளில்லாமல் விழும் ரேகையில் கோடுகள் இருப்பதில்லை. கம்பெனி எவ்வளவோ பார்த்தும் அதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. இதற்கு நிஜமான விரல் வேண்டும். வைத்தால் சாயங்காலத்துக்குள் அங்கன்வாடிக்குக் கடிதம் போய்விடும். வைக்காவிட்டால் மணிமொழியை வீட்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அருணாதேவியின் வேலை போனாலும் போகும்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, திரையைக் காட்டினான். “நீங்க வெச்சிட்டீங்கக்கா, பாருங்க. வெக்கப்போறதுதானே. சும்மா வெச்சிடுங்க.”

அருணாதேவி அண்ணாந்து பார்த்தாள். திரையில் இருந்தவள் கட்டைவிரலைக் கண்ணாடியில் அழுத்தமாக வைத்துக்கொண்டு, களைத்த முகத்தோடு குனிந்திருந்தாள். இத்தனை வருஷம் தான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. டம்ளரின் அடியில் தங்கிய ஆறிப்போன டீயை, மேலே படிந்த ஆடையை ஒதுக்கிவிட்டு, மெதுவாகக் குடித்து முடித்தாள். பிறகு வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

“அதுல வெக்கிறா பாரு, அவகிட்டயே வாங்கிக்க. நான் வெக்கலப்பா” என்றாள்.