எதிரணிக்கு எழுதிய பேச்சு

வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மாணவர்கள் கைபேசியில் கேள்வி அனுப்புவார்கள். ஒரு நிறுவனத்தின் மாடி அறையில் வரிசையாக உட்கார்ந்து நாங்கள் பதில் தட்டுவோம். எனக்கு வரலாறு, இலக்கியம், அப்புறம் எதிராளியைப் பேசி மடக்குகிற வாதக் கட்டுரை. கேட்பவர் பெயர் வராது; ஓர் எண் மட்டும் வரும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதும் நான், பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுதித் தந்ததில்லை. அவள் வீட்டில் புலி, வெளியில் எலி. போன வருடம் விவாதப் போட்டியில் வணக்கம் சொன்னதோடு மேடையை விட்டு இறங்கி வந்தவள். இந்த முறை ஜெயித்தால்தான் பள்ளி அணியில் இடம். அதற்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தாள்.

“வீட்டுப்பாடம் வேண்டாம்னு பேசணும்மா. நீ எழுதிக் குடு, மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

“முடியாது. நீயே எழுது.”

“ஊருக்கெல்லாம் எழுதறே!”

“அது வேலை. நீ என் பொண்ணு. போடி, எழுது.”

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் வேலையில், வீட்டுப்பாடம் அவசியம் என்று பேச ஓர் உரை கேட்டு எவனோ அனுப்பியிருந்தான். அடிக்கடி வருகிற தலைப்பு, சந்தேகமே வரவில்லை. மகள் மேலிருந்த கோபமெல்லாம் விரலுக்கு வந்தது. வீட்டில் அவளிடம் கத்துவதையெல்லாம் அழகாகத் துவைத்து மடித்து அனுப்பிவைத்தேன்.

போட்டியன்று எதிரணிப் பையன் முதலில் பேசினான். “தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா?” என்று ஆரம்பித்ததுமே, பார்வையாளர் வரிசையில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வரி! அடுத்ததும் என் வரி! அடிப்பாவி, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயே என்று என்னையே திட்டினேன். மகள் மேடையிலிருந்து என்னை முறைத்தாள். தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற வசனமாயிற்றே, தெரியாமல் போகுமா?

உண்மையைச் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும். பாதி எழுந்துவிட்டேன். உட்காரும்மா என்று கண்ணாலேயே அதட்டினாள்.

தன் முறை வந்ததும் கையிலிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“இவர் பேசின எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும். இதே பேச்சை நான் வீட்டுல தினமும் கேக்கறேன்.”

அரங்கம் சிரித்தது. அவ்வளவுதான், எலி புலியாகிவிட்டது. என் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கந்தலாக்கினாள். சில இடங்களில் எனக்கே பதில் தெரியவில்லை. கடைசியாக அந்தப் பையன் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுப்பாடம் பிள்ளைங்களை உழைக்க வைக்கும்னு சொன்னீங்க. சரி. இந்தப் பேச்சை எழுத நீங்க எவ்வளவு உழைச்சீங்க?”

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“உழைக்கறது பிள்ளைங்க இல்ல, நடுவர்களே. எங்க அம்மா. மத்தவங்க பாடத்தை எழுதி எழுதி அவங்க விரல் வீங்கியிருக்கு. எனக்கு மட்டும் எழுதித் தர மாட்டேன்னாங்க. அதனாலதான் நான் இங்க பேசறேன்.”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, பெருமை மறுபக்கம் நெஞ்சை அடைத்தது. அணியில் இடம் அவளுக்குத்தான் என்று நடுவர் அறிவித்தது அப்புறம். அதற்கு முன்பே நான் எழுந்து நின்று, விரல் வலிக்க வலிக்கக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.